கருந்துளையின் அருகிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள்: விண்மீன் மண்டல மையங்களை ஆராயும் ஆஸ்ட்ரோசாட்

பெரிய விண்மீன் மண்டலங்களில் பெரும்பாலானவற்றின் மையத்தில், சூரியனைப் போல் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறை கொண்ட கருந்துளை ஒன்று உள்ளது. அவற்றுள் ஒரு பகுதி, தம்மைச் சுற்றியுள்ள வாயுவை ஈர்த்துக்கொண்டே இருக்கின்றன. அவ்வாறு உள்ளே விழும் வாயு, கருந்துளைக்குள் மறைவதற்கு முன் கடுமையாக வெப்பமடைந்து ஒளிர்கிறது. அந்த ஒளி, சில நேரங்களில் மண்டலத்தின் அனைத்து விண்மீன்களும் சேர்ந்து தரும் ஒளியையே மிஞ்சிவிடுகிறது. இத்தகைய மையங்களை ‘செயல்படும் விண்மீன் மண்டலக் கருக்கள்’ என்று வானியலாளர்கள் அழைக்கின்றனர்.

இந்தக் கருக்களிலிருந்து வரும் கதிர்வீச்சுகளுள், கருந்துளைக்கு மிக அருகில் நடப்பதை எடுத்துரைப்பவை எக்ஸ் கதிர்கள். ஆனால், அவை தோன்றும் இடத்தை எந்த எக்ஸ் கதிர் தொலைநோக்கியாலும் படம் பிடிக்க இயலாது. படமின்றியே அந்த இடத்தின் வெப்பநிலையையும் அளவையும் வடிவத்தையும் விஞ்ஞானிகள் எவ்வாறு கணக்கிடுகின்றனர், இதில் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வகத்தின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முக்கிய அம்சங்கள்

• செயல்படும் கருக்களின் எக்ஸ் கதிர்கள், கருந்துளையை ஒட்டியுள்ள ‘கரோனா’ எனப்படும் மிகு வெப்ப எலக்ட்ரான் பகுதியில் உருவாகின்றன.

• 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் திறன் பெற்றது.

• ஐசி 4329ஏ என்ற விண்மீன் மண்டலத்தில், புற ஊதா ஒளி கூடும்போது கரோனா குளிர்வதை ஆஸ்ட்ரோசாட் தரவுகள் காட்டின.

• எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளக்கும் புதிய செயற்கைக்கோள்கள், கரோனாவின் வடிவத்தைப் பற்றிய முதல் நேரடித் தடயங்களைத் தரத் தொடங்கியுள்ளன.

கருவின் பிரகாசத்திற்கு ஆதாரம் எது?

அமெரிக்க வானியலாளர் கார்ல் சீஃபர்ட், 1943-ஆம் ஆண்டு, வழக்கத்திற்கு மாறாகப் பிரகாசமான மையங்களைக் கொண்ட சில சுருள் விண்மீன் மண்டலங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவற்றின் மையத்திலிருந்து வந்த நிறமாலைக் கோடுகள் மிகவும் அகன்றிருந்தன. மையத்தில் உள்ள வாயு, விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பதே அதன் பொருள். இவ்வகை மண்டலங்கள் இன்றும் சீஃபர்ட் மண்டலங்கள் என்றே வழங்கப்படுகின்றன. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட், 3சி 273 என்ற ‘விண்மீன் போன்ற’ பொருள் உண்மையில் வெகு தொலைவில் உள்ள ஒன்று என்பதைக் கண்டறிந்தார். அத்தனை தொலைவிலிருந்தும் அது தெரிகிறது என்றால், அதன் உண்மையான பிரகாசம் ஒரு முழு விண்மீன் மண்டலத்தைவிடப் பல மடங்கு மிகுந்ததாக இருக்க வேண்டும். குவாசர்கள் எனப்படும் இவையும் செயல்படும் கருக்களே.

இத்தகைய ஆற்றலை விண்மீன்களில் நடைபெறும் அணுக்கரு இணைவால் தர இயலாது. ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது, அதன் நிறையில் ஏறத்தாழ 0.7 சதவீதம் மட்டுமே ஆற்றலாகிறது. கருந்துளையை நோக்கி விழும் வாயுவிலோ, கருந்துளை சுழலாதிருந்தால் ஏறத்தாழ 6 சதவீதமும், மிக வேகமாகச் சுழன்றால் 40 சதவீதம் வரையிலும் ஆற்றலாக வெளிப்படக்கூடும். இயற்கையில் தொடர்ந்து நடைபெறும் ஆற்றல் வெளியீட்டு முறைகளுள் இது மிகவும் திறன் வாய்ந்தது.

விழும் வாயு நேராக உள்ளே செல்வதில்லை. வாய்க்காலின் மடையில் நீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைப் போல, அது கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டையான வட்டாக அமைந்து, சிறிது சிறிதாக உள்நோக்கி நகர்கிறது. இது ‘திரள் வட்டு’ எனப்படுகிறது. வட்டில் உள்ள வாயுவின் உராய்வு போன்ற விளைவுகளால் ஈர்ப்பு ஆற்றல் வெப்பமாகிறது.

வட்டிலிருந்து எக்ஸ் கதிர் வராதது ஏன்?

இங்கு ஒரு புதிர் எழுகிறது. கருந்துளையின் நிறை கூடக்கூட, அதைச் சுற்றியுள்ள வட்டின் வெப்பநிலை குறைகிறது. பத்துக் கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளையின் வட்டு, அதன் உட்பகுதியில்கூட ஏறத்தாழ ஒரு லட்சம் கெல்வின் அளவிலேயே இருக்கும். அந்த வெப்பநிலையில் உள்ள பொருள் பெரும்பாலும் புற ஊதாக் கதிர்களையே வெளியிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு ஃபோட்டான் சுமார் 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்டது. எக்ஸ் கதிர் ஃபோட்டான்களின் ஆற்றலோ பல நூறு எலக்ட்ரான் வோல்ட் முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை செல்கிறது. ஒரு லட்சம் கெல்வின் வட்டால் இவற்றை உருவாக்க முடியாது.

ஆயினும் செயல்படும் கருக்கள் எக்ஸ் கதிர்களில் வலுவாக ஒளிர்கின்றன. உலகின் முதல் எக்ஸ் கதிர் வானியல் செயற்கைக்கோளான உஹுரு, 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோரத்திலிருந்து ஏவப்பட்டது. அடுத்த ஆண்டே, என்ஜிசி 4151 என்ற சீஃபர்ட் மண்டலத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் அதன் மூலம் கண்டறியப்பட்டன. ஆகவே, வட்டைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பமான வேறொரு பகுதி கருந்துளைக்கு அருகில் இருந்தாக வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அந்தப் பகுதியே கரோனா. முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெப்ப மண்டலத்தின் பெயரே இதற்கும் சூட்டப்பட்டுள்ளது. பல கோடி முதல் நூறு கோடி கெல்வின் வரையிலான வெப்பநிலையில், எலக்ட்ரான்கள் இங்கு மிக வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கின்றன. வட்டிலிருந்து புறப்படும் புற ஊதா ஃபோட்டான்கள் இந்த எலக்ட்ரான்களுடன் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் எலக்ட்ரான் சிறிது ஆற்றலை இழக்க, ஃபோட்டான் அதைப் பெறுகிறது. பலமுறை மோதிய ஃபோட்டான், எக்ஸ் கதிராக வெளியேறுகிறது. ஆர்தர் காம்ப்டன் 1923-இல் விளக்கிய ஒளிச்சிதறலின் மறுதலை வடிவம் இது.

இந்த விளக்கத்தில் ஒரு முக்கிய விளைவு அடங்கியுள்ளது. எக்ஸ் கதிரின் மூலப்பொருள் வட்டின் புற ஊதா ஒளி. அதே ஒளிதான் கரோனாவின் ஆற்றலைக் கவர்ந்து அதைக் குளிர்விக்கவும் செய்கிறது. எனவே வட்டையும் கரோனாவையும் தனித்தனியே ஆராய்ந்தால் பாதிக் கதையே கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

படம் பிடிக்க இயலாத இடம்

ஐசி 4329ஏ மண்டலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சென்டாரஸ் விண்மீன் குழுவின் திசையில், இருபது கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ள இந்த மண்டலம், எக்ஸ் கதிர்களில் மிகவும் பிரகாசமாகத் தெரியும் சீஃபர்ட் மண்டலங்களுள் ஒன்று. அதன் மையக் கருந்துளையின் நிறை குறித்த மதிப்பீடுகள் முறைக்கு முறை வேறுபடினும், அவை பத்துக் கோடி சூரிய நிறையை ஒட்டியே அமைகின்றன.

பத்துக் கோடி சூரிய நிறை கொண்ட, சுழலாத கருந்துளையின் ஆரம் ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர். அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தொலைவைப் போல் இரு மடங்கு. கரோனாவின் அளவு அந்த ஆரத்தைப் போல் பத்து மடங்கு என்று கொண்டாலும், இருபது கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது அது வானில் பிடிக்கும் கோணம், ஒரு விநாடிக் கோணத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இந்தியாவில் பிறந்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா ஆய்வகம், எக்ஸ் கதிர்களில் மிகக் கூர்மையான படங்களைத் தருவது. அதனாலும் சுமார் அரை விநாடிக் கோணம் வரையிலான நுணுக்கத்தையே பிரித்தறிய இயலும். கரோனாவைக் காண அதைவிடப் பத்து லட்சம் மடங்கு கூர்மை தேவை. 2019-இல் எம்87 மண்டலத்தின் கருந்துளையும், 2022-இல் நமது பால்வெளி மண்டலத்தின் கருந்துளையும் படமாக வெளியிடப்பட்டன. அவை உலகெங்கும் பரவியுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து எடுக்கப்பட்டவை. எக்ஸ் கதிர்களில் அவ்வாறு இணைக்கும் வசதி இன்னும் உருவாகவில்லை.

எனவே விஞ்ஞானிகள் நான்கு வேறு சாட்சியங்களை நம்புகின்றனர். அவை நிறமாலை, நேர மாற்றம், எதிரொளிப்பு, தளவிளைவு ஆகியன.

நான்கு சாட்சியங்கள்

முதலாவது நிறமாலை. எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான்கள் வருகின்றன என்ற கணக்கே அது. கரோனாவிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள், ஆற்றல் கூடக்கூடச் சீராகக் குறைந்துகொண்டே சென்று, ஒரு கட்டத்தில் சட்டென்று சரிகின்றன. அந்தச் சரிவு எந்த ஆற்றலில் நிகழ்கிறது என்பது கரோனாவின் வெப்பநிலையைக் காட்டும். அமெரிக்காவின் நூஸ்டார் போன்று, அதிக ஆற்றல் எக்ஸ் கதிர்களைக் குவித்துப் பார்க்கும் தொலைநோக்கிகள் இந்த அளவீட்டைப் பெரிதும் துல்லியமாக்கின.

இரண்டாவது நேர மாற்றம். ஒரு பொருள் தன் பிரகாசத்தை ஒட்டுமொத்தமாக மாற்றிக்கொள்ள வேண்டுமெனில், அந்த மாற்றம் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல வேண்டும். ஒளியைவிட வேகமாக எதுவும் செல்ல முடியாது. ஆகவே சில மணி நேரத்தில் பிரகாசம் மாறும் பொருள், ஒளி சில மணி நேரத்தில் கடக்கும் தொலைவைவிடப் பெரியதாக இருக்க இயலாது. எக்ஸ் கதிர்கள் வட்டின் பிற ஒளிகளைவிட விரைவாக மாறுவதால், அவை மிகச் சிறிய பகுதியிலிருந்து வருகின்றன என்ற முடிவு கிடைக்கிறது.

மூன்றாவது எதிரொளிப்பு. கரோனாவிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களில் ஒரு பகுதி வட்டின் மீது பட்டுத் திரும்புகிறது. அப்போது வட்டில் உள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒளிர்கின்றன. ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் எம்சிஜி-6-30-15 மண்டலத்தில் கண்ட இரும்புக் கோடு, குறைந்த ஆற்றலை நோக்கி நீண்டு அகன்றிருந்தது. 1995-இல் வெளியான அந்த முடிவு, கருந்துளையின் ஈர்ப்பு விசை ஒளியின் ஆற்றலையே குறைப்பதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 2009-இல், ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவுகளைக் கொண்டு, 1எச் 0707-495 என்ற மண்டலத்தில் எதிரொளிப்பு, மூல ஒளிக்கு ஏறத்தாழ 30 விநாடிகள் பின்தங்கி வருவது அளவிடப்பட்டது. மலையில் பட்டுத் திரும்பும் ஒலியின் தாமதத்தைக் கொண்டு மலையின் தொலைவை அறிவதைப் போல, கரோனாவுக்கும் வட்டுக்கும் உள்ள இடைவெளியை இந்தத் தாமதம் தெரிவிக்கிறது.

நான்காவது தளவிளைவு. ஒளி அலைகள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்பதை அது குறிக்கிறது. சிதறி வரும் ஒளி ஒரு குறிப்பிட்ட தளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு, சிதறல் நிகழ்ந்த இடத்தின் வடிவத்தைப் பொறுத்தது. மற்ற மூன்று சாட்சியங்களாலும் தெளிவாகச் சொல்ல முடியாத வடிவத்தை இதனால் அறிய முடிகிறது.

ஆஸ்ட்ரோசாட்டின் தனித்தன்மை

எக்ஸ் கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் முற்றிலும் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்த இதே தடையால், இந்த ஆய்வுகளை விண்வெளியிலிருந்தோ, குறைந்தபட்சம் மிக உயரத்தில் பறக்கும் பலூன்களிலிருந்தோதான் மேற்கொள்ள இயலும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஹைதராபாதிலிருந்து பலூன்களை அனுப்பி இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டனர். 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர் வானியல் கருவி இடம்பெற்றிருந்தது. 1996-இல் ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளிலும் எக்ஸ் கதிர் கருவிகள் அனுப்பப்பட்டன.

இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக உருவானதே ஆஸ்ட்ரோசாட். இஸ்ரோ நிறுவனம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30 ராக்கெட் மூலம் 2015 செப்டம்பர் 28 அன்று இதனை ஏவியது. சுமார் 1,500 கிலோகிராம் எடை கொண்ட இந்த ஆய்வகம், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் சுற்றி வருகிறது. ஐந்தாண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டு, அக்காலத்தைத் தாண்டியும் செயல்பட்டு வந்துள்ளது.

இதில் ஐந்து அறிவியல் கருவிகள் உள்ளன. செயல்படும் கருக்களின் ஆய்வில் நான்கு கருவிகள் முக்கியமானவை.

புற ஊதாப் படமெடுக்கும் தொலைநோக்கி: இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையிலும், கனடா விண்வெளி முகமையின் பங்கேற்புடனும் உருவானது. ஒன்றரை விநாடிக் கோணம் அளவிலான நுணுக்கத்துடன் படமெடுக்க வல்லது.

மென் எக்ஸ் கதிர் தொலைநோக்கி: 0.3 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான கதிர்களைக் குவிக்கிறது. எக்ஸ் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியில் நேராகப் பட்டால் எதிரொளிக்காமல் உட்புகுந்துவிடும். எனவே, தங்கப் பூச்சுடைய மெல்லிய தகடுகளின் மீது அவை உரசிச் செல்லும்படி அமைத்துக் குவிக்கப்படுகின்றன.

பெரும் பரப்பு செனான் விகித எண்ணிகள்: மூன்று அலகுகளைக் கொண்ட இக்கருவி, 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பதிவு செய்வதற்காக உருவாக்கப்பட்டது. எக்ஸ் கதிர் ஒன்று செனான் வாயுவைத் தாக்கும்போது உண்டாகும் மின் துடிப்பைக் கொண்டு அதன் ஆற்றலும் நேரமும் கணக்கிடப்படுகின்றன.

காட்மியம் துத்தநாக டெல்லுரைடு படமாக்கி: 10 முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான கடின எக்ஸ் கதிர்களைக் கண்டறிகிறது.

இவை நான்கும் ஒரே திசையை நோக்கியவாறு பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே ஒரு கருவை நோக்கித் திரும்பியதும், வட்டின் புற ஊதா ஒளியும் கரோனாவின் எக்ஸ் கதிரும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. இதுவே ஆஸ்ட்ரோசாட்டின் வலிமை.

ஐசி 4329ஏ: ஐந்து பார்வைகளில் கிடைத்த விடை

புனேயில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான வானியல், வான் இயற்பியல் மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும், ஐசி 4329ஏ மண்டலத்தை ஆஸ்ட்ரோசாட் ஐந்து மாத காலத்தில் ஐந்து முறை பார்த்த தரவுகளைப் பகுப்பாய்வு செய்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

ஆய்வின் முன்னிருந்த கேள்வி எளியது. வட்டின் புற ஊதா ஒளி ஏன் மாறுகிறது? கரோனாவிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் வட்டைத் தாக்கிச் சூடேற்றுவதால் அது மாறுகிறது என்பது ஒரு விளக்கம். வட்டுக்குள்ளேயே ஏற்படும் மாற்றமே காரணம் என்பது மற்றொரு விளக்கம். முதல் விளக்கம் சரியெனில், எக்ஸ் கதிரின் ஏற்ற இறக்கத்தைவிடப் புற ஊதா ஒளியின் ஏற்ற இறக்கம் சிறியதாக இருக்க வேண்டும். சூடேற்றும் ஒளி வட்டின் இயல்பான ஒளியோடு கலந்து நீர்த்துப்போய்விடும் என்பதே காரணம்.

கருவின் புற ஊதா ஒளியைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று. சுற்றியுள்ள விண்மீன்களின் ஒளியும், வெகு தொலைவில் சுழலும் வாயு மேகங்களின் ஒளியும் அதனுடன் கலந்து வருகின்றன. மேலும், ஐசி 4329ஏ மண்டலத்தை நாம் ஏறத்தாழ அதன் விளிம்பிலிருந்தே பார்க்கிறோம். அதன் தூசுப் பட்டை புற ஊதா ஒளியில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. ஆஸ்ட்ரோசாட் படங்களின் கூர்மையைப் பயன்படுத்தி, விஞ்ஞானிகள் இந்தக் கலப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்து, தூசியின் மறைப்பையும் ஈடுசெய்தனர்.

எஞ்சிய கருவின் புற ஊதா ஒளியில், பெரிய அளவிலான ஏற்ற இறக்கம் காணப்பட்டது. இத்தனை பெரிய கருந்துளையில், இவ்வளவு குறுகிய காலத்தில் இது வழக்கத்திற்கு மாறானது. எக்ஸ் கதிரின் ஏற்ற இறக்க விகிதத்தைவிடவும் இது அதிகமாக இருந்தது. ஆகவே இந்த மாற்றத்தை எக்ஸ் கதிர்கள் தூண்டியிருக்க முடியாது. அது வட்டுக்குள்ளேயே தோன்றியது என்ற முடிவுக்கு விஞ்ஞானிகள் வந்தனர்.

அடுத்த முடிவு இன்னும் குறிப்பிடத்தக்கது. புற ஊதா ஒளி கூடியபோது, கரோனாவின் வெப்பநிலை 42 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலிருந்து 32 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிற்குக் குறைந்தது. கெல்வின் கணக்கில், சுமார் 49 கோடியிலிருந்து சுமார் 37 கோடிக்கு இறங்கியது. கரோனாவின் ஒளியியல் தடிமன், அதாவது ஃபோட்டான்களை வழிமறிக்கும் எலக்ட்ரான்களின் அளவு, மாறவில்லை. வட்டிலிருந்து கூடுதல் ஃபோட்டான்கள் வந்து எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பகிர்ந்துகொண்டதால், கரோனா குளிர்ந்தது என்பதே இதன் பொருள். பல ஆண்டுகளாகக் கோட்பாடு சொல்லிவந்த உறவு, ஒரே ஆய்வகத்தின் கருவிகளில் ஒரே நேரத்தில் பதிவாயிற்று.

குறைந்த ஆற்றலில் காணப்படும் உபரி எக்ஸ் கதிர்கள் குறித்தும் இந்த ஆய்வு ஒரு சாத்தியத்தை முன்வைத்தது. சுமார் 30 லட்சம் கெல்வின் வெப்பநிலையில் உள்ள, ஒப்பீட்டளவில் மிதமான மற்றொரு கரோனாப் பகுதியிலிருந்து அவை வரக்கூடும் என்பதே அந்தக் கருத்து.

விதியா, விதிவிலக்கா?

ஒரு மண்டலத்தில் கிடைத்த முடிவை எல்லா மண்டலங்களுக்கும் பொருத்த இயலாது. என்ஜிசி 5548 என்ற சீஃபர்ட் மண்டலத்தை 2014-இல் ஹபிள், ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கிகளும் தரைத் தொலைநோக்கிகளும் மாதக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தன. அங்கு, அலைநீளம் கூடக்கூட ஒளி மாற்றம் தாமதமாக வருவது தெரிந்தது. மையத்தில் தோன்றும் மாற்றம் வெளிநோக்கிப் பரவுவதைப் போன்ற இந்த வரிசை, வட்டை மையக் கதிர்வீச்சு சூடேற்றுகிறது என்ற விளக்கத்துடன் ஒத்துப்போகிறது. எனினும், அந்தத் தாமதங்களிலிருந்து கணக்கிடப்பட்ட வட்டின் அளவு, கோட்பாடு எதிர்பார்த்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. எனவே அந்த விளக்கமும் முழுமையானதன்று.

1இஎஸ் 1927+654 மண்டலம் இன்னொரு எச்சரிக்கை. 2018-ஆம் ஆண்டு அதன் மையம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் திடீரெனப் பன்மடங்கு பிரகாசமடைந்தது. அதைத் தொடர்ந்து, ஓராண்டுக்குள், அதன் எக்ஸ் கதிர்ப் பிரகாசம் உச்சத்திற்கும் தாழ்விற்கும் இடையே சுமார் 10,000 மடங்கு வேறுபட்டது. கரோனா அழிந்து மீண்டும் உருவானதன் விளைவு இது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நிலையானது என்று எண்ணப்பட்ட ஒரு அமைப்பு, மனித வாழ்நாளுக்குள் மறைந்து மீளக்கூடும் என்பதை அது காட்டியது.

வடிவத்தைத் தேடி

கரோனா கருந்துளைக்கு மேலே விளக்கைப் போலத் தொங்குகிறதா, வட்டின் மீது போர்வையைப் போலப் படர்ந்துள்ளதா என்பது நீண்ட கால விவாதம். 2021 டிசம்பர் 9 அன்று ஏவப்பட்ட அமெரிக்க, இத்தாலியக் கூட்டுத் திட்டமான இக்ஸ்பி செயற்கைக்கோள், 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளக்கிறது. என்ஜிசி 4151 மண்டலத்தில் அது ஏறத்தாழ 4.9 சதவீதத் தளவிளைவைக் கண்டது. அதன் திசை, கருவிலிருந்து வெளிப்படும் ரேடியோ தாரைக்கு இணையாக இருந்தது. கரோனா மேலே தொங்கும் விளக்காக இல்லாமல், வட்டின் தளத்தில் பரவியிருப்பதற்கே இது சாதகமான சான்று.

ஐசி 4329ஏ மண்டலத்தையும் இக்ஸ்பி ஆராய்ந்தது. கிடைத்த தளவிளைவு 3.3 சதவீதம், அளவீட்டின் பிழை வரம்பு 1.1 சதவீதம். ஐயத்திற்கு இடமின்றி ஏற்பதற்கான வழக்கமான எல்லைக்கு இது சற்றே குறைவு. ஆயினும் அதன் திசையும் தாரையின் திசையுடன் பொருந்தியே வருகிறது.

இந்தியாவின் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட் மூலம் ஏவப்பட்டது. எக்ஸ் கதிர்த் தளவிளைவுக்கென்றே அனுப்பப்பட்ட செயற்கைக்கோள்களில், இக்ஸ்பிக்கு அடுத்ததாக இது இரண்டாவது. இதிலுள்ள போலிக்ஸ் கருவியை பெங்களூருவின் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, அதாவது இக்ஸ்பி எட்டாத உயர் ஆற்றல்களில், இது தளவிளைவை அளக்கிறது. எக்ஸ்பெக்ட் என்ற துணைக்கருவி 0.8 முதல் 15 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையிலான நிறமாலையைப் பதிவு செய்கிறது. செயல்படும் கருக்களின் எக்ஸ் கதிர்கள் நமது மண்டலத்தில் உள்ள எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களோடு ஒப்பிடும்போது மிகவும் மங்கியவை. எனவே போதிய ஃபோட்டான்களைத் திரட்ட நீண்ட நேரப் பார்வை தேவைப்படுகிறது.

இந்த ஆய்வின் முக்கியத்துவம்

கருந்துளையின் அருகே, பூமி சூரியனைச் சுற்றும் பாதையைவிடச் சில மடங்கே பெரிய இடத்தில் தோன்றும் ஆற்றல், பல்லாயிரம் ஒளியாண்டு அகன்ற விண்மீன் மண்டலத்தையே பாதிக்கிறது. கருவிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சும் வாயுக் காற்றும் சுற்றியுள்ள குளிர்ந்த வாயுவைச் சூடாக்கியோ வெளியேற்றியோ, புதிய விண்மீன்கள் பிறப்பதைக் கட்டுப்படுத்துகின்றன என்று கருதப்படுகிறது. வானெங்கும் பரவித் தெரியும் எக்ஸ் கதிர்ப் பின்னணி ஒளியின் பெரும்பகுதியும், தொலைதூரச் செயல்படும் கருக்களிலிருந்து வருவதே. அந்த ஆற்றல் கணக்கு சரியாக அமைய, கரோனாவின் வெப்பநிலையும் அது வட்டிலிருந்து பெறும் பங்கும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

விடை காணப்படாத அடிப்படைக் கேள்வி ஒன்றும் உள்ளது. வட்டின் ஒளி கரோனாவைக் குளிர்விக்கிறது என்பது இப்போது தெரிகிறது. அப்படியாயின், அதைத் தொடர்ந்து சூடாக வைத்திருப்பது எது? ஆற்றல் வருகை இன்றேல், அது வெகு விரைவில் குளிர்ந்துவிடும். வட்டிலிருந்து எழும் காந்தப்புலங்கள் முறுக்கி அறுபடும்போது வெளிப்படும் ஆற்றலே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எனினும் அது இன்னும் நேரடியாக நிறுவப்படவில்லை.

ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்த தரவுகள், முன்மொழிந்த ஆய்வாளர்களுக்கான குறிப்பிட்ட கால உரிமை முடிந்தபின், பெங்களூருக்கு அருகே பைலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் வாயிலாகப் பொதுப் பயன்பாட்டிற்கு வழங்கப்படுகின்றன. வானியல் பயிலும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் இவற்றைத் தரவிறக்கம் செய்து ஆராயலாம். ஐசி 4329ஏ மண்டலத்தைப் பற்றிய முடிவு ஐந்து பார்வைகளிலிருந்து கிடைத்தது. புற ஊதாவும் எக்ஸ் கதிரும் ஒருசேரப் பதிவான பிற மண்டலங்களின் தரவுகளும் இதே முறையில் ஆராயப்படும்போதுதான், அங்கு கண்ட உறவு பொது விதியா அல்லது ஒரு மண்டலத்தின் தனி இயல்பா என்பது தெளிவாகும்.